மேலே போன வரிகள்

டார்ட்டு நகரம், பிப்ரவரி. ஆறு கல்லாகிக் கிடக்கிறது.
அடுத்த மேசையில் ஹெல்டூர்
இருநூற்றுப் பதினான்கு வரிகளை அழிக்கப்போகிறான்.
அழிக்கிறவனின் விசைப்பலகைக்குத் தனிச் சத்தம் உண்டு:
தயங்கித் தொடங்கும், பிறகு நிற்காது.

கறுப்புத் திரை, சாம்பல் எழுத்து என்பார்கள்,
எண்பது பத்தி, இருபத்தைந்து வரிசை.
எனக்கு அது
நாற்பது கட்டங்களில் எழுந்து அமிழும் புள்ளிகள்.
விரல் நகர்ந்தால் இயந்திரம் பேசும்.

திரையைத் தாண்டி மேலே போன வரிகளைக்
கெர்னல் தன் அடிவயிற்றில் கொஞ்சநேரம் வைத்திருக்கும்.
ஷிப்டோடு பேஜ்-அப் அழுத்தினால் இறங்கி வரும்.
மேலே போனவர்கள் திரும்பி வருகிற
ஒரே இடம் அதுதான்.

அந்தக் கிடங்கின் சுவரில் ஓட்டை.
திரையின் அகலத்தை நடுவில் மாற்றினால்
கணக்குப் பிசகி
பக்கத்து வீட்டு நினைவகத்தில் கிறுக்கிவிடுகிறது.
எழுதிய ஆளைத் தேடினான் ஹெல்டூர்.
பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பெயர்,
கடிதம் திரும்பி வரும் முகவரி,
'பிறகு சரிசெய்யலாம்' என்று ஒரு குறிப்பு.

"ஒவ்வொரு வரிக்கும் யாரோ வரி கட்டுகிறார்கள், லேலோ.
இந்த வருடம் நான்.
கருவறைக்குள் எதற்குப் பலசரக்குக் கடை?
வண்ணம் பூச, எழுத்து வரைய,
பழசைச் சுருட்டி வைக்க
வெளியே ஆயிரம் நிரல்கள் இருக்கின்றன.
வெளியே ஒன்று தடுக்கி விழுந்தால்
அது மட்டும் விழும்.
உள்ளே விழுந்தால் வீடு."

சரிதான். நானும் தலையாட்டினேன்.
அழித்தான். குறிப்பில் எழுதினான்:
'இதை யாரும் பயன்படுத்துவதில்லை.'

அந்த 'யாரும்' ஹீயுமா தீவில் இருந்தாள்.
பெயர் தைமி. மீன் குளிர்கிடங்கில் இரவுப் பணி.
நவம்பரில் ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு
குளிரூட்டியை ஆளும் கணினியில் வட்டு செத்தது.
வெளியே இருந்த ஆயிரமும்
அந்த வட்டில்தான் குடியிருந்தன.
கெர்னல் மட்டும் பாதி உயிரோடு
புலம்பிக்கொண்டே இருந்தது, அறுபது வரி.
கடைசி இருபத்தைந்து திரையில் நின்றன.
என்ன ஆயிற்று என்பதை
முதலிலேயே சொல்லிவிட்டது, பாவம்.
சொன்னது மேலே போய்விட்டது.

தைமி பேஜ்-அப்பை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.
கையுறையைக் கழற்றிவிட்டு அழுத்தினாள்.
பிறகு கைபேசியில் படமெடுத்து அனுப்பினாள்.

ஹெல்டூர் படத்தை எனக்கு வாசித்துக் காட்டினான்.
"பாதி வாக்கியத்தில் ஆரம்பிக்கிறது" என்றான்.
வெறும் எண்கள், பதினாறிலக்க எண்கள்.
ஓரத்தில் அவள் கட்டைவிரல், மீன் செதில் ஒட்டி.
நெடுநேரம் அவன் பக்கமிருந்து சத்தமே இல்லை.
"நான் அழித்தது தப்பா?"

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை,
ஓட்டை நிஜம். சரி என்றும் வரவில்லை.
"என் புள்ளிகள் வெளியே இருந்து ஓடுகிறவை" என்றேன்.
"தினமும் காலையில் பொத்தானை அழுத்தினால்
பதினொரு நொடி என் விரலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
அதற்குள் அது நின்றுவிட்டால்
நின்றதா, கடவுச்சொல் கேட்கிறதா, தெரியாது.
விசிறிச் சத்தத்தை வைத்து ஊகிக்கிறேன்.
தைமிக்குப் போனது மேல் வரிகள்.
எனக்குக் கீழ் வரியும் கிடையாது."

அவன் கிடங்கைத் திரும்பக் கட்டவில்லை.
ஒன்பது வரி எழுதினான்:
புலம்பி முடிக்கும்போது
முதலில் சொன்னதை இன்னொரு முறை சொல்.
அவ்வளவுதான். அதற்கடியில்
தன் பெயர், வேலை செய்யும் முகவரி.

மாலையில் கோட்டை மாட்டிக்கொண்டு
கதவருகே நின்றான். போகவில்லை.
"பதினொரு நொடி" என்றான்.
"ஆமாம்" என்றேன்.
வெளியே யாரோ ஆற்றின் மேல் நடந்து போனார்கள்,
பனிக்கட்டி முனகுவது கேட்டது.